கீழ்ப்படியில் பெறப்பட்டது

ஐயா,
உங்கள் கடிதம் கிடைத்தது.
தபால்காரர் மேலே வருவதில்லை,
கீழே நின்றே கூப்பிடுவார்.
ஐம்பத்து நான்கு படி இறங்கி வாங்கினேன்.
இறங்குவது சுலபம்தான்.

பள்ளிப்பட்டு, சி பிளாக், மூன்றாம் மாடி,
தேசம்மா என்பவர் தரைத்தளத்துக்கு மாற்றக் கோரிய மனு
விதிப்படி நிராகரிக்கப்படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.
அந்தப் படியையும் சேர்த்தால்
ஐம்பத்தைந்து.

காரணம் ஒன்று: சான்று பிற மாநிலத்தது.
உண்மைதான். நெஞ்சைத் திறந்தது திருப்பதியில்.
சென்னைக்குத்தான் எழுதிக் கொடுத்தார்கள்,
அந்த ராத்திரி கிடைத்த ஆட்டோ நகரிப் பக்கம் திரும்பியது.
எல்லைக் கல் எப்போது போனதென்று பார்க்கவில்லை.
டிரைவர் தெலுங்கில் சாமி கும்பிட்டான்,
நான் தமிழில் வாந்தியெடுத்தேன்.
உள்ளே வைத்த வால்வு எந்த ஊர்ச் சரக்கோ தெரியாது.
பிளாக் அடங்கிய பிறகு அதன் சத்தம் கேட்கும்,
தலையணைக்கு அடியில்
யாரோ கைக்கடிகாரத்தை மறந்துவிட்டுப் போன மாதிரி.
எந்த மொழியும் இல்லை அதில்.

காரணம் இரண்டு:
கள ஆய்வின்போது மனுதாரர் தாமே எழுந்து கதவைத் திறந்தார்.
திறந்தேன்.
வேறு யார் திறப்பார்?
வந்த பொறியாளர் தம்பி
நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் பேசவில்லை.
நாற்காலியை நகர்த்திப் போட்டேன்.
ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு
என்னம்மா இவ்வளவு உசரம் என்றார்.
பிறகு பேனா மூடியைக் கழற்றி
நான் நலமாக இருப்பதாக எழுதிக்கொண்டார்.
அவர் வாங்கிய மூச்சையாவது
இணைப்பில் சேர்த்திருக்கலாம்.

அரைக் கிலோ தக்காளி என்றால் ஏறிவிடுவேன்.
ஒரு கிலோ என்றால் பாதியில் நின்று
யாராவது வருகிறார்களா என்று கீழே பார்ப்பேன்.
சிலிண்டர்க்காரருக்கு நாற்பது ரூபாய் கூடுதல்.
ரத்தம் மெலிய மாத்திரை, மெலிந்ததா என்று பார்க்க ரத்தம்,
அதற்காகவே மாதம் இருமுறை இறங்க வேண்டும்.
இருபத்தேழாம் படித் திருப்பத்தில்
இரண்டாம் மாடி ரமாதேவி ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறாள்.
ஒரு கால் உடைந்து கயிறு கட்டியது.
அதில் யாரும் பொருள் வைப்பதில்லை.

சி பிளாக்கில் தரைத்தளம் நான்காம் எண்
மூன்று வருஷமாகப் பூட்டு.
ஜன்னல் வழியே எண்ணினேன்,
ஒப்பந்தக்காரரின் பெயிண்ட் டப்பாக்கள் இருபத்திரண்டு.
அவற்றுக்கு எந்த ஆஸ்பத்திரி சான்று கொடுத்தது என்று
நான் கேட்க மாட்டேன்.
கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.
அடித்தால் தாள் அசிங்கமாகும், இருக்கட்டும்.

இப்படிக்கு.

*

மேல்முறையீட்டு அதிகாரிக்கும் மாடிதான்.
திருத்தணி வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்தவள்
அந்தப் படிக்கட்டைப் பார்த்ததும்
கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
பியூன் ஜெயராமுலு எட்டிப் பார்த்தார்,
மறைந்தார்,
பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.
முத்திரை குத்தினார், தேதி போட்டார்.

எங்கே வாங்கினீங்கன்னும் எழுதுங்க.
அப்படி ஒரு கட்டம் இல்லையேம்மா.
குறிப்புன்னு ஒண்ணு காலியா இருக்குதே.

மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார்.
எறும்பு எழுத்தில் எழுதினார்:
மனுதாரர் ஏற இயலாததால்
கீழ்ப்படியில் பெறப்பட்டது.

சாயங்காலம் ரமாதேவியின் ஸ்டூலில் உட்கார்ந்து
ரசீதை இன்னொரு முறை படித்தேன்.
விளக்கு எரியாத திருப்பம் அது,
எழுத்து தெரியவில்லை, மனப்பாடமாகியிருந்தது.
யாரோ மேலே மீன் வறுக்கிறார்கள்.
மிச்சம் இருபத்தேழு.